கொல்லிமலைத் தேன் பொங்காமல், புளிக்காமல் பாதுகாக்கும் முறைகள்

தேன் எத்தனை ஆண்டுகள் வைத்திருந்தாலும் கெடாது என்பது கிராமங்களில் வழங்கும் சொல். இச்சொல் முற்றிய தேனுக்கு மட்டுமே பொருந்தும். முற்றாத தேனும், நீர் கலந்த தேனும் சில வாரங்களிலேயே நுரைக்கத் தொடங்கும். பாட்டிலின் மூடி உப்பும். திறந்தால் "புஸ்" என்று காற்று வெளியேறித் தேன் பொங்கி வழியும். புளிப்பு வாடை வீசும். அத்தகைய தேனை எந்த வியாபாரியும் நல்ல விலைக்கு எடுப்பதில்லை.

நாமக்கல் மாவட்டத்திலுள்ள கொல்லிமலையில் மிளகு, காப்பி, பலா, அன்னாசி, சாமை ஆகியவற்றோடு தேனும் சிறு விவசாயிகளுக்குப் பணம் தரும் பொருளாக இருந்து வருகிறது. கோடை மழைக்குப் பின் பூக்கும் காப்பியும், மிளகுக் கொடி படர வைத்துள்ள சில்வர் ஓக் மரங்களும், காட்டு நாவலும் தேனீக்களுக்கு மதுரம் அளிக்கின்றன. பாறைகளிலும் உயர்ந்த மரங்களிலும் மலைத்தேனீ கூடு கட்டுகிறது. மரப்பொந்துகளிலும் பெட்டிகளிலும் அடுக்குத் தேனீ வாழ்கிறது. இவ்வாறு கிடைக்கும் தேன் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சமவெளிக்கு வந்து சேரும்போது பொங்கிக் கிடந்தால், ஒரு பருவத்தின் உழைப்பு முழுவதும் வீணாகிறது. இதைத் தடுக்க அதிகச் செலவு இல்லை. தேனில் உள்ள நீரின் அளவைக் கவனித்தாலே போதும்.

பொங்குவதற்குக் காரணம் என்ன?

பனையிலிருந்து இறக்கும் பதநீர், கலயத்தில் சுண்ணாம்பு தடவாவிட்டால் சில மணி நேரத்தில் நுரைத்துக் கள்ளாகி விடுவது அனைவரும் அறிந்ததே. அங்கே வேலை செய்வது ஈஸ்ட் என்னும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர். இது சர்க்கரையை உண்டு, சாராயச் சத்தையும் கரியமில வாயுவையும் வெளியிடுகிறது. அந்த வாயுவே நுரை. பின்னர் காற்றுப் படும்போது வேறு நுண்ணுயிர்கள் சாராயச் சத்தைப் புளிக்காடியாக மாற்றி விடுகின்றன.

தேனிலும் இதே செயல்தான் நடைபெறுகிறது. பூக்களிலும், மண்ணிலும், தேனடையிலும், கழுவாத பாத்திரங்களிலும் ஈஸ்ட் உண்டு. எனவே ஈஸ்ட் அறவே இல்லாத பச்சைத் தேன் கிடைப்பது அரிது. ஆனால் முற்றிய தேனில் சர்க்கரை மிகவும் அடர்த்தியாக இருப்பதால், அதற்குத் தேவையான நீர் கிடைப்பதில்லை. ஊறுகாயில் உப்பு செய்யும் வேலையைத் தேனில் சர்க்கரை செய்கிறது. நீர் கூடினால் அந்தக் காவல் தளர்ந்து விடுகிறது.

நீர் 17 சதவீதத்துக்குள் இருந்தால் தேன் ஓராண்டு வரை புளிப்பதில்லை. 18 முதல் 19 சதவீதம் வரை இருந்தால், ஈஸ்ட் குறைவாக உள்ள சுத்தமான தேன் தாங்கும். 20 சதவீதத்தைக் கடந்து விட்டால் எப்போது வேண்டுமானாலும் புளிக்கலாம். சுமார் 16 முதல் 27 டிகிரி செண்டிகிரேடு வரையுள்ள இதமான வெப்பம் ஈஸ்ட்டுக்கு மிகவும் ஏற்றது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்திலுள்ள மலை ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி இந்த வெப்பநிலையே நிலவுகிறது. ஆகவே சமவெளி விவசாயியைவிட மலை விவசாயி அதிக எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

பொங்கும் மதுவில் ஒரு பாடம்

புளிப்பதும் பொங்குவதும் எல்லா இடத்திலும் இழப்பு அல்ல. பிரான்சு நாட்டின் வடகிழக்கில் ஷாம்பெயின் என்ற பகுதி உள்ளது. அங்கு திராட்சை மதுவைப் பாட்டிலில் அடைத்து, லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரையும் சிறிது ஈஸ்ட்டும் சேர்த்து மூடுகிறார்கள். பாட்டிலுக்குள்ளேயே மது மீண்டும் புளிக்கிறது. வெளியேற வழியில்லாத வாயு மதுவில் கரைந்து நிற்கிறது. உள்ளே ஏற்படும் அழுத்தம் 5 முதல் 6 மடங்கு காற்றழுத்தம். இது மோட்டார் கார் டயரின் அழுத்தத்தைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். அதனால்தான் தடித்த கண்ணாடியும், கம்பி கட்டிய தக்கையும் தேவைப்படுகின்றன. பாட்டிலில் அடைத்த பின் குறைந்தது 15 மாதம் கழித்தே இதை விற்கலாம் என்பது அந்நாட்டு விதி.

நம் நாட்டிலும் தேனைப் புளிக்க வைக்கும் வழக்கம் பழையது. மூங்கில் குழாயில் ஊற்றி முதிர வைத்த தேன் மதுவை, சங்க நூலான மலைபடுகடாம் குறிப்பிடுகிறது. இன்று உரிமம் இன்றி மது தயாரிப்பது தமிழ்நாட்டில் சட்டப்படி குற்றமாகும்.

ஷாம்பெயினில் எவ்வளவு சர்க்கரை, எந்த ஈஸ்ட், எத்தனை மாதம் என்று எல்லாம் அளந்து செய்யப்படுகிறது. தேன் பாட்டிலில் எதுவும் அளவில் இல்லை. வேண்டாத ஈஸ்ட், வேண்டாத நீர், மெல்லிய பாட்டில். எனவே அங்கே சிறப்பாகக் கருதப்படும் அதே வாயு, இங்கே சரக்கைக் கெடுத்து விடுகிறது.

ஆயினும், சேமிப்பு முறையில் அந்த மதுவிடம் தேன் விவசாயி கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. 2010-ஆம் ஆண்டில் பால்டிக் கடலில், பின்லாந்தைச் சேர்ந்த ஓலந்து தீவுகளுக்கு அருகே, மூழ்கிய கப்பல் ஒன்றில் 168 ஷாம்பெயின் பாட்டில்கள் கிடைத்தன. அவை சுமார் 170 ஆண்டுகள் பழமையானவை. கிடந்த ஆழம் ஏறத்தாழ 50 மீட்டர். வாயு பெரும்பாலும் போய்விட்டிருந்தாலும், பல பாட்டில்களில் மது சுவைக்கத்தக்க நிலையிலேயே இருந்தது. அவற்றைக் காத்தவை கடலடியின் குளிர்ச்சியும் இருளும்தான். அதே மதுவை வெளிச்சத்திலும் வெப்பத்திலும் வைத்தால் சில மாதங்களில் மணம் மாறிவிடும். பாட்டிலில் அடைத்த பொருள் எதுவாயினும் வெப்பம், வெளிச்சம், காற்று ஆகிய மூன்றும் அதன் ஆயுளைக் குறைக்கும். தேனுக்கு இவற்றோடு நான்காவது பகையாக ஈரமும் சேர்கிறது.

முற்றிய தேனை அறிவது எப்படி?

பூவிலிருந்து தேனீ கொண்டு வரும் மதுரத்தில் பாதிக்கு மேல் நீர்தான். தேனீக்கள் அதை வாயில் ஏற்றி இறக்கியும், சிறகால் விசிறியும் நீரை வற்றச் செய்கின்றன. போதுமான அளவு வற்றிய பின் அறையை மெழுகால் மூடுகின்றன. ஆகவே மெழுகு மூடியே தேனீ தரும் தரச் சான்று.

பெட்டியில் தேனீ வளர்ப்போர், சட்டத்தில் உள்ள அறைகளில் முக்கால் பங்காவது மூடப்பட்ட பின்னரே தேன் எடுக்க வேண்டும். ஐயம் இருந்தால் சட்டத்தைப் படுக்கை வாட்டில் பிடித்து ஒரு முறை உதறிப் பார்க்கலாம். துளிகள் தெறித்தால் தேன் முற்றவில்லை. அச்சட்டத்தைத் திரும்பப் பெட்டியிலேயே வைத்துவிட வேண்டும். புழு வளர்ப்பு அறையிலுள்ள அடைகளைத் தொடாமல், மேலே உள்ள தேன் அறையில் மட்டும் எடுக்க வேண்டும்.

மழை நாளிலும், மூடுபனி படர்ந்த நேரத்திலும் தேன் எடுப்பதைத் தவிர்க்க வேண்டும். திறந்து வைத்த தேன், காற்றின் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்துக்கு மேல் போகும்போது காற்றிலிருந்து நீரை உறிஞ்சும். மழைக்கால மலைக்காற்றில் ஈரம் இதைவிட மிகுதி. அடையை எடுத்த அன்றே பிரித்தெடுத்து, வடிகட்டி மூடிவிட வேண்டும்.

மலைத்தேன் எடுப்போர் கவனத்திற்கு

பாறையிலும் மரத்திலும் எடுக்கும் மலைத்தேன் விரைவில் புளிப்பதற்கு, தேனைவிட எடுக்கும் முறையே பெரும்பாலும் காரணமாகிறது. அடை முழுவதையும் அறுத்து, புழு, கூட்டுப்புழு, மகரந்தம் ஆகியவற்றோடு சேர்த்துக் கையால் பிழிவது பழைய வழக்கம். புழுவின் சாற்றில் நீரும் புரதமும் உண்டு. அவை தேனில் கலந்தால் ஈஸ்ட்டுக்கு உணவும் நீரும் ஒருங்கே கிடைத்து விடுகின்றன.

மலைத்தேனீயின் அடையில் தேன், கிளையை அல்லது பாறையை ஒட்டிய தடித்த மேற்பகுதியில் இருக்கும். அப்பகுதியை மட்டும் அறுத்துக்கொண்டு, புழு உள்ள பகுதியை அப்படியே விட்டுவிடுவது நல்லது. தேன் சுத்தமாகக் கிடைக்கும். தேனீக் கூட்டமும் அழியாது. அறுத்த பகுதியிலும் மூடிய அறைகளை ஒரு பாத்திரத்திலும், மூடாத அறைகளை வேறு பாத்திரத்திலும் சேர்க்க வேண்டும். மூடியைக் கத்தியால் சீவி, அடையைச் சுத்தமான துணி அல்லது வலை மேல் வைத்தால் தேன் தானே வடியும். பிழியத் தேவையில்லை.

இரண்டு வகையையும் கலந்தால் என்ன ஆகும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 18 சதவீதம் நீர் உள்ள நல்ல தேன் 8 கிலோ. 26 சதவீதம் நீர் உள்ள முற்றாத தேன் 2 கிலோ. இரண்டையும் கலந்தால் 10 கிலோவிலும் நீர் 19.6 சதவீதமாகி விடும். இரண்டு கிலோவைக் காப்பாற்றப் போய், எட்டுக் கிலோவையும் ஆபத்தின் எல்லைக்குக் கொண்டு வந்ததாகும். அதேபோல், 19 சதவீதம் நீர் உள்ள 10 கிலோ தேனில் 200 மில்லி தண்ணீர் சேர்ந்தால் நீர் 20.6 சதவீதமாக உயரும். கழுவிய பாத்திரத்தை நன்கு உலர்த்தாமல் தேனை ஊற்றுவது எவ்வளவு தவறு என்பது இதிலிருந்து விளங்கும்.

தராசு கொண்டு சோதித்தல்

தேனிலுள்ள நீரை அளக்க ஒளிவிலகல் மானி என்ற சிறு கருவி உண்டு. பத்துப் பேர் சேர்ந்து ஒன்று வாங்கிக்கொள்ளலாம். அது இல்லாதவர்கள் மின்னணுத் தராசு கொண்டே ஓரளவு அறியலாம். நீர் குறையக் குறையத் தேனின் எடை கூடும் என்பதே இதன் அடிப்படை.

ஒரு லிட்டர் பாட்டிலை நன்கு உலர்த்தி எடை போட வேண்டும். அது 400 கிராம் என்று கொள்வோம். சரியாக 1,000 கிராம் தண்ணீர் ஊற்றி, அதாவது மொத்த எடை 1,400 கிராம் வந்ததும், நீர் மட்டத்தில் ஒரு கோடு போட வேண்டும். தண்ணீரைக் கொட்டிப் பாட்டிலை ஈரம் இல்லாமல் உலர்த்திய பின், நுரை அடங்கிய தேனை அதே கோடு வரை ஊற்றி எடை போட வேண்டும். பாட்டிலின் எடையைக் கழித்தால் தேனின் எடை தெரியும்.

தேன் 1,417 கிராம் இருந்தால் நீர் சுமார் 18 சதவீதம். 1,410 கிராம் என்றால் 19 சதவீதம். 1,403 கிராம் என்றால் 20 சதவீதம். 1,395 கிராம் என்றால் 21 சதவீதம். இக்கணக்கு 20 டிகிரி செண்டிகிரேடு வெப்பத்துக்கு உரியது. மலையில் காலை நேரத்தில் எடை போட்டால் பெரும்பாலும் பொருந்தும். 5 கிராம் தவறினாலும் நீரின் கணக்கு முக்கால் சதவீதம் அளவுக்கு மாறிவிடும் என்பதால், ஒரு கிராம் காட்டும் தராசே ஏற்றது. இச்சோதனை நீரின் அளவைக் காட்டுமே தவிர, கலப்படத்தைக் காட்டாது. கெட்டியான சர்க்கரைப் பாகும் இதே எடை காட்டும்.

தேனைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சியை நனைத்துக் கொளுத்துவது, காகிதத்தில் ஊறுகிறதா என்று பார்ப்பது, நாய் நக்குகிறதா என்று பார்ப்பது ஆகிய நாட்டு வழக்கச் சோதனைகள் தேனின் தூய்மையை மெய்ப்பிப்பவை அல்ல.

வடிகட்டுதலும் சூடாக்குதலும்

பிரித்தெடுத்த தேனை உலர்ந்த மெல்லிய துணி அல்லது நைலான் வலையில் வடிகட்டி, உயரமான மூடிய பாத்திரத்தில் இரண்டு மூன்று நாள் அசையாமல் வைக்க வேண்டும். மெழுகுத் தூளும், காற்றுக் குமிழிகளும், தூசியும் மேலே ஆடையாகத் திரளும். ஆடையை நீக்கிவிட்டு, அடியிலுள்ள குழாய் வழியாகத் தேனைப் பாட்டிலில் பிடிக்கலாம்.

நீர் 17 சதவீதத்துக்குள் இருந்தால் சூடாக்கத் தேவையில்லை. 19 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் ஈஸ்ட்டை அழிப்பது நல்லது. 63 டிகிரி செண்டிகிரேடு வெப்பத்தில் 30 நிமிடம் வைத்திருந்தால் ஈஸ்ட் அழியும். தேன் பாத்திரத்தை ஒருபோதும் நேரடியாக அடுப்பில் ஏற்றக்கூடாது. பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அடியில் செங்கல் துண்டு ஒன்றைப் போட்டு, அதன்மேல் தேன் பாத்திரத்தை வைக்க வேண்டும். நீராவி தேனில் விழாதபடி மூட வேண்டும். அவ்வப்போது உலர்ந்த கரண்டியால் கிளறி, வெப்பமானி கொண்டு பார்க்க வேண்டும். நேரம் முடிந்ததும் பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் இறக்கி விரைவில் ஆறவிட வேண்டும்.

சூடாக்குவது ஈஸ்ட்டை அழிக்குமே தவிர, நீரைக் குறைக்காது. பாட்டிலைத் திறந்து திறந்து மூடினால் மீண்டும் ஈஸ்ட் புகும். ஆகவே நீர் மிகுந்த தேனைச் சூடாக்கிய பின் நெடுநாள் வைத்திராமல் விரைவில் விற்றுவிட வேண்டும். அல்லது நீர் வற்றச் செய்யும் இயந்திரம் உள்ள பதப்படுத்தும் நிலையத்துக்குக் கொடுத்துவிட வேண்டும்.

சேமிக்கும் முறை

தேன் புளிப்புத் தன்மை உடையது. இரும்பு, செம்பு, துத்தநாகம் பூசிய தகரம் ஆகியவற்றை அரிக்கும். கண்ணாடி, எவர்சில்வர், உணவுக்குரிய பிளாஸ்டிக் ஆகிய பாத்திரங்களே ஏற்றவை. மண்பானையின் நுண்துளைகளில் பழைய தேனும் ஈஸ்ட்டும் தங்கும். மண்ணெண்ணெய், பூச்சிமருந்து இருந்த டின்களையும் கேன்களையும் எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக்கூடாது.

பாட்டிலில் அதிக இடைவெளி விடாமல் நிரப்பி, காற்றுப் புகாதபடி மூடி, இருட்டான குளிர்ந்த அறையில் வைக்க வேண்டும். வெயில் காயும் தகரக் கூரைக்கு அடியில் வைக்கக்கூடாது. வெப்பத்தால் தேனிலுள்ள சர்க்கரை சிதைந்து எச்.எம்.எஃப். என்ற பொருள் உண்டாகிறது. தேன் பழையதா, அதிகம் சூடுபட்டதா என்பதைச் சோதனைச் சாலையில் இதைக் கொண்டே காண்கின்றனர். ஒரு கிலோவில் 40 மில்லி கிராம் அளவுக்கு இது சேர, 30 டிகிரி வெப்பத்தில் பல மாதங்கள் ஆகும். 40 டிகிரியில் 20 முதல் 50 நாளே போதும். 50 டிகிரியில் 4 முதல் 10 நாளில் சேர்ந்துவிடும். பாட்டில்களைச் சமவெளிக்குக் கொண்டு செல்லும்போதும் பஸ்ஸின் கூரையில் வெயில்படக் கட்டுவதைத் தவிர்க்க வேண்டும். மலையில் இலேசாகப் புளிக்கத் தொடங்கிய தேன், கீழே வெப்பத்தில் இளகி, அடங்கியிருந்த வாயுவை வெளிவிட்டு நுரைத்து விடும்.

உறைந்த தேன் கெட்ட தேனா?

குளிர்காலத்தில் தேன் சர்க்கரை போல மணல் மணலாக உறைவது உண்டு. இது கலப்படம் அன்று. தேனிலுள்ள குளுக்கோஸ் படிகமாவதே காரணம். ஆனால் படிகங்களுக்கு இடையே நிற்கும் நீர்மத்தில் ஈரம் கூடிவிடுவதால், உறைந்த பின் புளிக்கும் வாய்ப்பு அதிகம். பாட்டிலை 45 முதல் 50 டிகிரி வெந்நீரில் வைத்தால் தேன் இளகிவிடும். கொதிநீர் தேவையில்லை.

புளித்துவிட்டால் என்ன செய்வது?

புளிக்கத் தொடங்கிய தேனை நல்ல தேனுடன் ஒருபோதும் கலக்கக்கூடாது. இலேசாக நுரைத்திருந்தால் மேலே கூறியபடி சூடாக்கித் தனியே வைத்துச் சமையலுக்கு உபயோகிக்கலாம். தேனீக்களுக்கு உணவாக வைக்கக்கூடாது. அவற்றுக்கு வயிற்றுப்போக்கு ஏற்படும். அந்தப் பாத்திரத்தைக் கொதிநீரால் கழுவி, வெயிலில் நன்கு காயவைத்த பின்னரே மீண்டும் பயன்படுத்த வேண்டும்.

விற்பனைக்கு முன்

உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி பொதுவாகத் தேனில் நீர் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. சிறு அளவில் பாட்டிலில் அடைத்து விற்போரும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். சீட்டில் நிகர எடை, தேன் எடுத்த மாதம், தேனீயின் வகை, ஊர் ஆகியவற்றை எழுதினால் வாங்குவோருக்கு நம்பிக்கை பிறக்கும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக்கூடாது என்பதையும் குறிக்க வேண்டும். நல்ல தேனிலும் சில நுண்ணுயிர் விதைகள் இருக்கக்கூடும். பெரியவர்களுக்கு அவற்றால் தீங்கில்லை. பச்சிளம் குழந்தைக்கு அவை கடும் நோயை உண்டாக்கும். சேனை வைக்கும் வழக்கத்திலும் தேனைத் தவிர்ப்பது நலம்.

அடை மூடும் வரை ஒரு வாரம் பொறுத்திருந்தால் தேனின் அளவு சற்றுக் குறையும். ஆனால் குறைவது நீரே. சோளக்காடு, செம்மேடு கடைகளில் கொல்லிமலைத் தேன் என்று கேட்டு வாங்கிச் செல்பவர், வீட்டில் பாட்டிலைத் திறக்கும்போது அது பொங்கினால் அடுத்த முறை வாங்க வரமாட்டார். மூடிய அடை, உலர்ந்த பாத்திரம், இருட்டறை ஆகிய மூன்றையும் கடைப்பிடிக்கும் விவசாயி, மழைக்காலத்தில் அவசரப்பட்டு விற்காமல், விலை வரும்வரை தேனை வைத்திருந்து விற்றுப் பயன்பெறலாம்.